பன்னிரண்டாவது பந்து

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நான் ஓசூரில் ஒரு கேம் சென்டர் நடத்தினேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடி. ஒரே அறை. சுவரோரம் மூன்று டிவி, அதில் ஒன்று பெரியது. அதற்கு முன்பு ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டவர்களிடம் விதவிதமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம், எனக்கு வீடியோ கேம் பைத்தியம். பைத்தியத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று நினைத்தேன். பேரிகை கிராமத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்த என் அப்பா தெலுங்கில் திட்டினார். மற்றவர்கள் தமிழில் திட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் விளையாட்டு மெஷின் செய்கிற கம்பெனிகள் இரண்டு கட்சியாக நின்றன. ஒரு கட்சி கறுப்பாகக் கனமாகப் பெட்டி செய்தது. படம் தெளிவாக இருக்கும், ஆட்டம் கடினமாக இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிற வெறியர்களுக்கான மெஷின் அது. எங்கள் பாஷையில் 'கோர்' ஆட்கள். இன்னொரு கட்சி வெள்ளையாகச் சின்னதாக ஒரு பெட்டி செய்தது. அதை ஆடக் கையில் பிடிப்பது டிவி ரிமோட் மாதிரி ஒரு குச்சி. கையை வீசினால் திரையில் பந்து ஓடும், அவ்வளவுதான். இதுவரை ஆடாதவர்கள்தான் எங்கள் ஆட்கள் என்று அந்தக் கம்பெனி வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதன் பழைய ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் கூட இருந்த எங்களை விட்டுவிட்டு, சமையலறையில் இருப்பவர்களுக்குப் பொம்மை செய்கிறானே என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். பெங்களூர் மெஜஸ்டிக் நடைபாதையில் பழைய கேம் பத்திரிகைகள் வாங்கி வந்து அந்தப் புலம்பலை எல்லாம் படித்தேன். நானும் அவர்கள் கட்சிதான். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்களைக் குறிக்கும் 'கேஷுவல்' ஆட்கள் என்ற சொல்லையே கொஞ்சம் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான் எப்படி அந்த வெள்ளை மெஷினை வாங்கினேன் என்றால், ஒரு நாள் பெங்களூர்க் கடையில் அந்தக் குச்சியைக் கையில் கொடுத்தார்கள். அலட்சியமாகக் கையைத் தூக்கினேன். திரையில் இருந்த பொம்மையும் கையைத் தூக்கியது. மணிக்கட்டை லேசாகத் திருப்பினேன். அதுவும் திருப்பியது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறு வருஷம் மெஷினோடு வாழ்ந்தவன் நான். நான் எழுதிக் கொடுத்ததை மெஷின் செய்து பார்த்திருக்கிறேன். என் கையையே ஒரு மெஷின் கவனிப்பதை அதுவரை பார்த்ததில்லை. அன்றே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை பெட்டியைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கோர் ஆட்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற பையன்கள். அவர்களுக்கு ஒரு தலைவன் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். கால்பந்து ஆட்டத்தில் ஓசூரில் அவனை ஜெயிக்க ஆளில்லை. வெள்ளை மெஷினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, பெரிய ஆளுன்னு நெனச்சேன், பொம்மை வாங்கிட்டு வந்து வச்சிருக்கீய" என்றான். சரி, ஆடித்தான் பாரேன் என்றேன். குச்சியின் அடியில் ஒரு கயிறு உண்டு, வீசும்போது நழுவிப் பறக்காமல் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. அதெல்லாம் குழந்தைகளுக்கு என்று மாட்டாமலே வீசினான். குச்சி கையை விட்டுப் பறந்து சுவரில் மோதி ஒரு கை அளவு சுண்ணாம்பைப் பெயர்த்தது. அதோடு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. சுவரில் இருந்த அந்தப் பள்ளத்தை நான் பூசவும் இல்லை. அவன் அதிகம் பேசும்போதெல்லாம் விரலால் காட்டுவதற்கு வசதியாக இருந்தது.

இன்னொரு முறை அப்படி நடக்கக்கூடாது என்று பெரிய டிவிக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன். ஃபேக்டரிக்குள் நடக்கும் பாதைக்கும் மெஷினுக்கும் நடுவே ஒட்டுவார்களே, அதே டேப். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீசுகிறவர், இந்தப் பக்கம் மற்றவர்கள். வாயால் சொன்னால் கேட்காத பையன்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு மட்டும் கட்டுப்பட்டார்கள். மஞ்சள் கோட்டைக் கண்டால் தானாக நிற்பதற்கு ஓசூர் அவர்கள் காலைப் பழக்கியிருந்தது.

வெள்ளை மெஷின் இரண்டு மாதம் தூசி படிந்து கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான்கு பெண்கள் படியேறி வந்து வாசலிலேயே நின்றார்கள். கீழே செருப்பு வாங்க வந்தவர்கள். அன்று சும்மா இருக்க மாட்டாமல் நான் கை வீசிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்ததாம். ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் தங்கல். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை மட்டும் அவுட்பாஸ். ஐந்து மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் வேன் நிற்கும். இரண்டு தடவை தவறவிட்டால் ஒரு மாதம் வெளியே விட மாட்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் சோப்பு, வளையல், மலைக்கோயில், வீட்டுக்கு ஃபோன் எல்லாம் முடிக்க வேண்டும்.

நான்கு பேரில் ஒருத்தி அஞ்செட்டிக்கு மேலே நாட்றாம்பாளையத்துக்காரி. ஒல்லியாக, அதிகம் பேசாதவள். குச்சியைக் கொடுத்ததும் முதல் காரியமாகக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டி இறுக்கினாள். பிறகு மேசையின் ஓரத்தைத் தடவினாள். டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா தேடுற?"

"கிளிப்பு எங்க மாட்டறதுண்ணா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எலக்ட்ரானிக்ஸ் லைனில் உட்கார்ந்ததும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் ஒயரை மேசையில் இருக்கும் எர்த்தில் மாட்ட வேண்டும். உடம்பில் இருக்கும் சின்ன மின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுத்துவிடாமல் இருக்க. நான்கு வருஷமாகக் காலையில் அதைச் செய்து செய்து, கையில் கயிறு ஏறியதுமே அவள் கண் எர்த்தைத் தேடியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பையன்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிளிப் இல்லை என்று உறுதியானதும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்று, பந்தை வீசினாள்.

அவர்கள் ஆடியது பவுலிங். நீளமான பலகை, கடைசியில் பத்து கட்டைகள் நிற்கும், பந்தை உருட்டி வீழ்த்த வேண்டும். ஒரே வீச்சில் பத்தும் விழுந்தால் ஸ்ட்ரைக். ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. கடைசிச் சுற்றில் ஸ்ட்ரைக் விழுந்தால் இன்னும் இரண்டு பந்து கிடைக்கும். ஆக ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரு தவறும் செய்யாதவருக்குப் பன்னிரண்டு ஸ்ட்ரைக். அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் எத்தனையோ தடவை முயன்று ஆறோடு நின்றிருக்கிறேன்.

நாட்றாம்பாளையத்துக்காரி முதல் ஞாயிறு தடுமாறினாள். இரண்டாவது ஞாயிறு வீசிப் பார்த்து, எந்த இடத்தில் நின்று எப்படி வீசினால் பத்தும் விழுகிறது என்று கண்டுபிடித்தாள். மூன்றாவது ஞாயிறிலிருந்து அதை மட்டும் செய்தாள். நான் அசந்துபோனது அவள் ஸ்ட்ரைக் போட்டதற்காக இல்லை. அந்தக் கைக்காக. தோள் அதே உயரம், முழங்கை அதே அளவு மடிப்பு, விடும் நேரம் அதே நேரம். ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் வித்தியாசம் காண முடியாது. மைக்ரான் கணக்கில் வேலை பார்த்தவன் நான். ஒரு மெஷின் அப்படித் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வர என்ன பாடு படவேண்டும் என்று எனக்குத் தெரியும். மனுஷக் கை அப்படி வருவதை அன்றுதான் பார்த்தேன்.

"எப்படிம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"லைன்ல நாள் முச்சூடும் இதானேண்ணா. எல்லா போர்டுலயும் ஒரே மாதிரி வெக்கோணும். மாறிப்போனா ரிஜெக்ட்டு" என்றாள். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள்.

தகராறு வந்தது பெரிய டிவிக்காக. கை வீச அதன் முன்னால்தான் இடம் உண்டு. ஞாயிறு மதியம்தான் பையன்களுக்கும் எல்லா ஷிஃப்டும் ஒன்றாக ஓய்வு, அன்றுதான் கால்பந்து டோர்னமென்ட். அவர்கள் ஆரம்பத்திலிருந்து எனக்குச் சோறு போட்டவர்கள். எலக்ட்ரீஷியன் நேராகவே கேட்டான். "நாங்க இருக்கணுமா, அந்தப் பிள்ளைக இருக்கணுமா? பாகலூர் ரோட்டுல புதுசா ஒரு சென்டர் வந்திருக்கு, சொல்லுங்க, அங்க போயிக்கிடுதோம்."

பத்திரிகையில் படித்த சண்டை என் அறைக்கே வந்துவிட்டது. அந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் கோட்டு சூட்டு போட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முழித்த அதே முழி முழித்தேன். பழைய ஆட்களை விடவும் மனசில்லை, புதிய ஆட்களைத் துரத்தவும் மனசில்லை. அவர்களுக்காவது ஊரெல்லாம் டிவி இருந்தது. எனக்கு ஒன்றுதான். கடைசியில் நான் செய்தது கோழைத்தனம். அடுத்த ஞாயிறு பெண்கள் வந்ததும், "இன்னிக்கு ஆடிக்குங்க. அடுத்த வாரத்திலேருந்து ஞாயித்துக்கிழமை பெரிய டிவி கிடைக்காது. வேற நாள் வாங்க" என்று சொன்னேன். அவர்களுக்கு வேறு நாளே கிடையாது என்று தெரிந்துகொண்டுதான் சொன்னேன். மற்ற மூன்று பேர் முகம் வாடியது. நாட்றாம்பாளையத்துக்காரி மட்டும் சரிண்ணா என்று தலையாட்டிவிட்டுக் கயிற்றை மாட்டினாள்.

நாலரைக்கு அவள் ஒரு ஆட்டம் தொடங்கினாள். முதல் பந்து ஸ்ட்ரைக். இரண்டு, மூன்று, நான்கு. அதெல்லாம் பார்த்ததுதான் என்று பையன்கள் முதுகைக் காட்டிக்கொண்டு அரட்டை அடித்தார்கள். ஏழாவதில் ஒருவன் திரும்பினான். எட்டாவதில் சின்ன டிவிகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒன்பதாவது விழுந்தபோது எல்லாரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். யாரும் யாரையும் இடிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பத்து. பதினொன்று. இந்த மூச்சு பேச்சில்லாத நிலை எனக்குத் தெரியும். பெரிய ஃபைனலில் பெனால்டி அடிக்கும்போது வருவது. ஒரு பொம்மை மெஷினுக்கு முன்னால் அது வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

பன்னிரண்டாவது பந்துக்காக அவள் கையைப் பின்னால் கொண்டுபோன நேரம், கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று டிவியும் ஒரே நேரத்தில் இருண்டன. மெஷின்கள் பட்டென்று அணைந்து கெட்டுப்போகாமல் இருக்க ஒரு சின்ன யூ.பி.எஸ். வைத்திருந்தேன். டிவியைத் தாங்க அதற்குச் சக்தி கிடையாது. அதனால் வெள்ளை மெஷின் உயிரோடு இருந்தது, அதன் முன்னால் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஆட்டம் அப்படியே அவளுக்காகக் காத்து நின்றது. பார்க்கத்தான் வழியில்லை. அவள் கையை இறக்காமல் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிஷம் நின்றிருப்பாள். கீழே வேன் ஹாரன் அடித்தது. தோழிகள் ஏற்கனவே படியில் இறங்கிவிட்டார்கள். கயிற்றைக் கழற்றி, குச்சியைச் சுற்றி வைத்து, மேசையில் நேராக வைத்தாள்.

"பரவால்லண்ணா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. என்ன செய்வது, அவ்வளவுதான் என்று வெள்ளை மெஷினை அணைக்கக் கையை நீட்டினேன். எலக்ட்ரீஷியன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"தொடாதீய அண்ணே."

"பொம்மைன்னு சொன்னியேப்பா?"

"எந்த ஆட்டமா இருந்தா என்னண்ணே? பதினொன்னுண்ணே. அந்தப் பிள்ளை பதினொன்னு போட்டிருக்கு." யூ.பி.எஸ்.ஸைக் காட்டினான். "மத்த ரெண்டு மெஷினையும் அணைங்க. யூ.பி.எஸ். இதுக்கு மட்டும் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு வந்து அதுவே போடட்டும்."

இந்த மெஷின் நடு ஆட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஒரு நொடி மின்சாரம் நின்றாலும் பதினொன்றும் போய்விடும். ஏழு நாள், அந்த வருஷத்து ஓசூரில், ஒரு நொடிகூட நிற்காமல் ஒரு மெஷினை ஓடவிடுவது என்று ஒரு கூட்டம் பையன்கள் முடிவு செய்தார்கள். வாழ்க்கையில் பவுலிங் பந்தையே பார்க்காத பையன்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் கட்சி எது என்று அன்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எலக்ட்ரீஷியன் கணக்குப் போட்டான். இந்த மெஷின் ஒன்றுக்கு மட்டும் என்றால் யூ.பி.எஸ். ஒன்றரை மணி நேரம் தாங்கும். தினசரி வெட்டு ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சமாளிக்கலாம். கரண்ட் இல்லாதபோது வேறு எதுவும் அதில் ஓடக்கூடாது. அப்படியே ஆயிற்று. கோல் போடப் போகிற நேரத்தில் வெட்டு வந்து தன் மெஷின் அணைந்தாலும் ஒருவனும் முணுமுணுக்கவில்லை. மெஷின் சூடாகிறது என்று ஒருவன் தன் அறையிலிருந்து மேசை விசிறி கொண்டுவந்து வைத்தான். தூசி தட்ட வந்த செருப்புக் கடைக்காரரை ஸ்விட்ச் போர்டு பக்கமே விடவில்லை. ஃபேக்டரியில் ரிப்பேர் நடக்கும்போது மெயின் ஸ்விட்சில் தொங்கவிடுவார்களே, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள், தொடாதே' என்று சிவப்பு அட்டை, அதில் ஒன்று என் ஸ்விட்ச் போர்டில் தொங்கியது. எந்தக் கம்பெனியிலிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நான் அந்த வாரம் முழுக்கக் கடையிலேயே படுத்தேன்.

வியாழக்கிழமை பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்பு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மின்சாரம் கிடையாது.

யூ.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது உள்ளங்கை அகலப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. டிராக்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தான், ஆனால் அதன் பத்து மடங்கு கொள்ளும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நாள் முழுக்க ஓடும் என்றான் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு டிராக்டர் பேரிகையில் நின்றது. விடியற்காலையில் போனேன். "நான் உழறதா, நீ பந்து விளையாடறதா?" என்று அப்பா கேட்டார். சாயங்காலமே திரும்பி வரும் என்று சத்தியம் செய்து பேட்டரியைக் கழற்றினேன். ஆசிட் சிந்தும் என்று பஸ் கண்டக்டர் ஏற்றவில்லை. ஊரில் ஒருவரிடம் மொபெட்டை இரவல் வாங்கி, காலுக்கு நடுவே பேட்டரியை வைத்துக் கட்டி, குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தேன். படியேறும்போது மணி பத்தே கால். கரண்ட் போய் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. யூ.பி.எஸ். சீக்கிரம் சீக்கிரம் என்று அவசரமாகக் கத்திக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து, யூ.பி.எஸ். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். டிராக்டர் பேட்டரியின் தலை முழுக்கக் கிரீஸும் மண்ணும். எது பிளஸ், எது மைனஸ் என்றே தெரியவில்லை. மாற்றி வைத்தால் ஆட்டம் மட்டுமில்லை, யூ.பி.எஸ்.ஸும் போகும், அவன் கையும் போகலாம். மீட்டரை வைத்துப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தான். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஷாக் அடித்தால் நெஞ்சு வழியாகப் பாயாமல் இருக்க ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறு கையால் சிவப்பு ஒயரை வைத்தான். அடுத்தது கறுப்பு. சின்னதாக ஒரு பொறி பறந்தது. அவசரக் கத்தல் நின்று, பழையபடி நிதானமாகக் கீச் என்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. கால்பந்தில் எத்தனையோ ஜெயித்தவன், அன்று மாதிரி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. மாலை ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது. இன்னொரு நீண்ட வெட்டு வந்துவிட்டால் என்ற பயத்தில், பேட்டரியைத் திருப்பிக் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் வரவில்லை. சனிக்கிழமையும் அப்பா உழவில்லை.

ஞாயிறு இரண்டு மணிக்குப் பெரிய டிவியில் அவள் ஆட்டத்தைப் போட்டு வைத்தோம். பத்து கட்டைகளும் ஒரு வாரத்துக்கு முன்பு நின்ற இடத்திலேயே நின்றன. டோர்னமென்ட் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மூன்று மணி ஆயிற்று, அவர்கள் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியவனே நான்தானே. அவள் எந்த ஹாஸ்டல் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. மூன்றரை, நான்கு. பையன்கள் ஜன்னலோரம் நின்று பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரீஷியன் என்னை ஒரு தடவைதான் பார்த்தான். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

நாலு இருபதுக்கு அவளைத் தெருவில் ஒருவன் பார்த்துவிட்டான். நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கிக் கூட்டிக்கொண்டு வந்தான். அன்று மூன்றரை மணிவரை ஓவர்டைமாம், சோப்பு வாங்க மட்டும் வந்தவள். கையில் பையோடு வாசலில் நின்று, ஏதோ தப்பு செய்துவிட்டவளைப்போல எங்களைப் பார்த்தாள்.

"உன் ஆட்டம்தாம்மா. ஒரு பந்து பாக்கி இருக்கு" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். கயிற்றை மாட்டி இறுக்கினாள். பாதங்களைச் சேர்த்து வைத்தாள். வாரம் முழுக்க அந்த ஒரு வீச்சுக்காகக் காவல் காத்தவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். பந்து அதே கோட்டில் போனது. அதே இடத்தில் திரும்பியது. கட்டைகள் சரிந்தன. ஒன்பது விழுந்தது. பத்தாவது ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்து நின்றுகொண்டது.

பையன்களிடமிருந்து ஒரு முனகல் வந்தது. எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் மட்டும் நிற்கிற அந்தக் கட்டையைப் பார்த்து, "ஒன்னு ரிஜெக்ட்டு" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பை எடுக்கக் குனிந்தபோது மேசைக்கு அடியில் மண்ணும் கிரீஸுமாக இருந்த டிராக்டர் பேட்டரி கண்ணில் பட்டது.

"இது என்னாத்துக்குண்ணா?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். தினசரி வெட்டு, வெள்ளிக்கிழமை, பேரிகை, சிவப்பு ஒயர் எல்லாம்.

"மெசினே ஞாபகம் வெச்சிருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, அந்த மூன்று மாதத்தில் அவள் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள்.

"நாலு வருசமா லைன்ல உக்காந்திருக்கறேண்ணா. பாத்ரூம் போறதுன்னாக்கூட வேற ஆளு வந்து உக்காந்தாத்தான் எந்திரிக்க முடியும். எனக்கு அம்மை போட்டப்பகூட லைன் நிக்கல. மறுநாளே என் எடத்துல வேற பொண்ணு." கயிற்றை இன்னும் கழற்றாமல் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கோசரம் ஒரு வாரமா நிறுத்தி வெச்சிருந்தீங்களா?"

ஐந்து மணிக்கு வேன் ஹாரன் கேட்டு அவள் போன பிறகும், அந்தப் பேட்டரியைக் கழற்ற எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.